திருவிருந்து மேசையில் யாருக்கு இடம்? கிறிஸ்தவ வழிபாடும் சமூக நீதியும்

1829ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் டச்சு சீர்திருத்தத் திருச்சபையின் சினட் என்னும் உயர் ஆளுகைமன்றம் கூடியபோது அதன் முன் ஒரு சிக்கல் வந்தது. நிறத்தால் வேறுபட்ட விசுவாசிகளோடு சேர்ந்து திருவிருந்து எடுக்க வெள்ளையர் சிலர் விரும்பவில்லை. சினட் இணங்கவில்லை. நிறமோ பிறப்போ பார்க்காமல் எல்லாருக்கும் ஒன்றாகவே திருவிருந்து வழங்கவேண்டும் என்று முடிவு சொன்னது. 28 ஆண்டுகள் போயின. 1857இல் அதே திருச்சபையின் சினட் வேறு விதமாகப் பேசியது. ஒன்றாகக் கூடுவதே வேதத்துக்கு ஏற்றது என்று முதலில் ஒப்புக்கொண்டது. பிறகு, “சிலருடைய பலவீனத்தின் காரணமாக” தனித்தனிக் கட்டடங்களில் கூடிக்கொள்ளலாம் என்று வழிவிட்டது. பலவீனம் யாருடையது என்பதை விளக்கவேண்டியதில்லை.

அந்தச் சலுகை விரைவிலேயே பழக்கமாயிற்று. 1881இல் நிறத்தால் பிரிக்கப்பட்ட மக்களுக்கென்று தனித் திருச்சபையே அமைக்கப்பட்டது. 1948இல் அப்பார்தைட் என்ற நிறவெறிக் கொள்கையோடு ஓர் அரசு பதவிக்கு வந்தபோது, வெவ்வேறு இனத்தார் வெவ்வேறாக வாழ்வதே கடவுளின் சித்தம் என்று சொல்ல அந்த நாட்டில் போதகர்கள் இருந்தார்கள். இத்தனை கொடுமைக்கும் சினட்டின் ஒரு தீர்மானமே காரணம் என்று நான் சொல்லவரவில்லை. நிலம், தங்கம், அதிகாரம் என்று வேறு பல காரணங்கள் உண்டு. ஆனால் அப்பத்தையும் திராட்சரசத்தையும் பகிரும் மேசையில் பிரிவினை நுழைந்த பிறகு, அதை எதிர்த்துப் பேசவேண்டிய இடத்தின் வாய் அடைக்கப்பட்டுவிட்டது.

கிறிஸ்தவ வழிபாட்டுக்கும் சமூக நீதிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் இதைத்தான் சொல்வேன். பலர் நினைப்பது இப்படி: ஆலயத்துக்குள் பாடுவதும் ஜெபிப்பதும் வழிபாடு, அது முடிந்து வெளியே வந்து ஏழைகளுக்கு உதவினால் அது சமூக சேவை, இரண்டும் நல்லவை, விருப்பமுள்ளவர்கள் இரண்டையும் செய்யலாம். இந்தக் கணக்கு தவறு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். கிறிஸ்தவ வழிபாட்டை அக்கறையோடு பிரித்துப் பார்த்தால், அதன் ஒவ்வொரு உறுப்புக்குள்ளும் நீதி முன்பே இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வழிபாடாகவே இருக்காது என்று விவிலியமே சொல்கிறது.

சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. ஆராதனை, திருவழிபாடு, திருப்பலி என்று சபைக்குச் சபை பெயர் மாறும். கர்த்தருடைய பந்தி, திருவிருந்து, நற்கருணை என்பவையும் அப்படியே. நான் கலந்தே பயன்படுத்துகிறேன். சமூக நீதி என்பதைத் தர்மம் செய்வதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பசித்தவருக்கு இன்று ஒரு வேளை உணவு கொடுப்பது இரக்கம். அவர் ஏன் நாள்தோறும் பசித்திருக்கிறார், அவருடைய கூலியும் நிலமும் எங்கே போயின என்று கேட்டு, அதைச் சரிசெய்ய முனைவது நீதி. விவிலியம் இரண்டையும் கேட்கிறது.

செங்கல் சூளையில் தொடங்கிய வழிபாடு

எபிரேய மொழியில் ‘அவோதா’ என்று ஒரு சொல் உண்டு. வேலை, அடிமை ஊழியம், இறைவழிபாடு ஆகிய மூன்றையும் அது குறிக்கும். விவிலியத்தின் இரண்டாம் நூலான யாத்திராகமத்தின் கதை முழுவதும் இந்த ஒரு சொல்லின் மேல்தான் நடக்கிறது. எகிப்தில் இஸ்ரவேலர் பார்வோனுக்கு அவோதா செய்கிறார்கள், செங்கல் அறுக்கிறார்கள். கடவுள் மோசேயின் மூலம் பார்வோனிடம் கேட்பது, “எனக்கு ஆராதனைசெய்ய என் ஜனங்களைப் போகவிடு” என்பது. மூலமொழியில் ஆராதனைக்கும் அடிமை வேலைக்கும் வேர் ஒன்றே. இந்த மக்கள் யாருக்கு ஊழியம் செய்வது என்பதே வழக்கு.

பார்வோனின் பதிலைக் கவனியுங்கள். வனாந்தரத்தில் மூன்று நாள் பயணம் போய்ப் பலியிட்டு வருகிறோம் என்று அவர்கள் கேட்டபோது அவன், நீங்கள் சோம்பேறிகள், அதனால்தான் பலியிடப் போகவேண்டும் என்கிறீர்கள் என்றான். செங்கலுக்கு வேண்டிய வைக்கோலைக் கொடுப்பதை நிறுத்தினான். செங்கல் கணக்கை மட்டும் ஒன்றும் குறைக்கவில்லை. உழைப்பை உறிஞ்சுகிறவனுக்கு வழிபாடு ஏன் ஆபத்தாகத் தெரிகிறது? பலியிடப் போகிறவன் சில நாட்களாவது செங்கல் அறுக்கமாட்டான். தன்னை உடைமையாக வைத்திருக்கும் உரிமை பார்வோனுக்கு இல்லை, தனக்கு வேறொரு ஆண்டவர் இருக்கிறார் என்பதையும் அங்கே தெரிந்துகொள்வான். பக்தியுள்ள பலரைவிட அந்தப் பார்வோன் வழிபாட்டின் வலிமையை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தான்.

விடுதலையான பிறகு வந்த ஓய்வுநாள் கட்டளையிலும் அந்த நினைவு நிற்கிறது. உபாகமம் 5ஆம் அதிகாரத்தில், நீ இளைப்பாறுவதுபோல உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாறவேண்டும் என்று வருகிறது. மாடும் கழுதையும்கூட அந்தப் பட்டியலில் உண்டு. காரணமும் அங்கேயே இருக்கிறது: எகிப்தில் நீ அடிமையாயிருந்ததை நினை. ஒரு வீட்டார் வழிபாட்டுக்குப் போவதற்காக அவர்களுடைய வேலைக்காரி ஓய்வில்லாமல் சமைத்துக்கொண்டிருந்தால், அந்த வீட்டில் ஓய்வுநாள் கைக்கொள்ளப்படவில்லை.

ஆமோஸ் ஏன் பாட்டை நிறுத்தச் சொன்னான்?

கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ 750 ஆண்டுகளுக்கு முன், இரண்டாம் யெரொபெயாம் ஆண்ட காலத்தில் வட இஸ்ரவேல் செழிப்பாக இருந்தது. பெத்தேல் ஆலயத்தில் பண்டிகைகள் குறையில்லாமல் நடந்தன. அங்கே தெற்கிலிருந்து ஒருவன் வந்தான். தெக்கோவா ஊரைச் சேர்ந்தவன், மந்தை மேய்ப்பவன், காட்டத்திப் பழம் பொறுக்குகிறவன். தன்னைத் தீர்க்கதரிசி என்றுகூட அவன் சொல்லிக்கொள்ளவில்லை. “உங்கள் பண்டிகைகளைப் பகைத்து வெறுக்கிறேன்” என்று கடவுளின் பெயரால் பேசினான். பாட்டுகளின் இரைச்சலை அகற்று, வீணைகளின் ஓசையை நான் கேட்கமாட்டேன் என்றான். அதன் பிறகு வருவது புகழ்பெற்ற வரி: “நியாயம் தண்ணீரைப்போலவும், நீதி வற்றாத நதியைப்போலவும் புரண்டுவரக்கடவது.”

இந்த வரியை மட்டும் தனியே எடுத்துப் பேசுகிறவர்கள், ஆமோஸ் வழிபாட்டுக்கே எதிரி என்று எண்ணிவிடுகிறார்கள். அவன் எதைக் கண்டு கொதித்தான் என்பது 8ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பண்டிகை நாளில் கடை மூடியிருப்பதைப் பொறுக்காத வியாபாரிகளை அங்கே காட்டுகிறான். மாதப்பிறப்பு எப்போது முடியும், ஓய்வுநாள் எப்போது போகும், தானியத்தை விற்கலாம் என்று அவர்கள் காத்திருக்கிறார்கள். மரக்காலைச் சின்னதாக்குகிறார்கள், எடைக்கல்லைப் பெரிதாக்குகிறார்கள், கள்ளத்தராசு வைக்கிறார்கள், பதரையும் விற்றுவிடுகிறார்கள். ஒரு ஜோடு பாதரட்சைக்கு ஏழையை விலைக்கு வாங்குகிறார்கள். இதே மனிதர்கள்தான் பெத்தேலில் கொழுத்த மிருகங்களைப் பலியிட்டார்கள். அந்தப் பலியை வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது என்பதே ஆமோஸின் கேள்வி.

பெத்தேலின் ஆசாரியன் அமத்சியா அவனை விரட்டச் சொன்ன காரணத்தையும் மறக்கக்கூடாது. இங்கே தீர்க்கதரிசனம் சொல்லாதே, இது ராஜாவின் பரிசுத்த ஸ்தலம் என்றான். ஆலயத்துக்குள் அரசியல் பேசாதீர்கள் என்று இன்று சொல்கிறவர்கள் இந்த இடத்தை ஒருமுறை படிக்கவேண்டும். ஆமோஸ் வருவதற்கு முன்பே அந்த ஆலயம் அரசனுக்குச் சொந்தமாகத்தான் இருந்தது.

ஏசாயாவின் முதல் அதிகாரமும் 58ஆம் அதிகாரமும், மீகா 6ஆம் அதிகாரமும் இதே வழக்கைத் தொடர்கின்றன. ஏசாயா 58 உபவாசத்தைப் பற்றியது: உபவாச நாளிலேயே வேலையாட்களை வாட்டி வேலை வாங்குகிறீர்களே, நான் விரும்பும் உபவாசம் நுகத்தின் பிணையல்களை அவிழ்ப்பதல்லவா என்று கடவுள் கேட்கிறார். ஒருமுறை உட்கார்ந்து முழுவதும் படிக்கத் தகுந்த பகுதி அது.

இயேசுவும் மரியாளும்

நற்செய்தி நூல்களில் இந்தத் தொடர்பு எங்கும் பரவியிருக்கிறது. இரண்டு இடங்களை மட்டும் காட்டுகிறேன். லூக்கா 4ஆம் அதிகாரத்தில் இயேசு தம் பொதுவாழ்வின் நோக்கத்தை அறிவிக்கிறார். தரித்திரருக்குச் சுவிசேஷம், சிறைப்பட்டவர்களுக்கு விடுதலை, நொறுங்குண்டவர்களுக்கு விடுவிப்பு. அதை அவர் அறிவித்த இடம் நாசரேத்தின் ஜெப ஆலயம். வேளை, ஓய்வுநாள் வழிபாட்டில் ஏசாயாவின் சுருள் வாசிக்கப்பட்ட வேளை. வழிபாட்டின் வாசிப்பும் விளக்கவுரையுமாகத்தான் அந்த அறிவிப்பு வந்தது. கேட்டவர்கள் முதலில் வியந்தார்கள். கடவுளின் தயவு அயலாருக்கும் உண்டு என்று அவர் சொன்னதும், மலையுச்சியிலிருந்து தள்ளிவிட அவரைக் கொண்டுபோனார்கள்.

இன்னொன்று மரியாளின் பாடல். பலவான்களை ஆசனங்களிலிருந்து தள்ளி, தாழ்மையானவர்களை உயர்த்தினார். பசியுள்ளவர்களை நன்மைகளினால் நிரப்பி, ஐசுவரியமுள்ளவர்களை வெறுமையாய் அனுப்பிவிட்டார் என்று ஓர் எளிய பெண் பாடுகிறாள். கத்தோலிக்க, ஆங்கிலிக்க மரபுகளில் இது மாலை வழிபாட்டின் நிலையான பாடல். பல நூற்றாண்டுகளாக அரசர்களும் நிலப்பிரபுக்களும் இருந்த ஆலயங்களில் மாலைதோறும் இதைப் பாடியிருக்கிறார்கள். எத்தனை பேர் காதுகொடுத்துக் கேட்டார்கள் என்பது வேறு. ஆனால் அந்தப் பாடலை வழிபாட்டிலிருந்து எடுத்துவிட யாராலும் முடியவில்லை. கேட்கக் காதுள்ளவர்கள் வரும்வரை அது அங்கே காத்திருந்தது.

கொரிந்துவின் இரவு உணவு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விவிலியப் பகுதியைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால், கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். கி.பி. 50களின் நடுவில் அப்போஸ்தலர் பவுல், தாம் தொடங்கிய கொரிந்து நகரச் சபைக்கு எழுதியது. திருவிருந்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்து இதுதான். அது பிறந்ததே ஒரு சமூக அநீதியைக் கண்டிப்பதற்காக என்பது பலருக்குத் தெரியாது.

அந்த நாளில் கர்த்தருடைய பந்தி ஒரு முழு உணவாக, யாராவது வசதியுள்ளவர் வீட்டில் நடந்தது. வசதியுள்ளவர்கள் முன்னதாகவே வந்து தங்கள் உணவை உண்டு குடித்து முடித்துவிட்டார்கள். அடிமைகளும் கூலியாட்களும் வேலை முடிந்து பிந்தித்தான் வந்திருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். வந்தபோது ஒன்றும் மிஞ்சவில்லை. ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான், அதாவது குடித்து மயங்கியிருக்கிறான் என்று பவுல் எழுதுகிறார். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று கேட்கிறார். அடுத்து அவர் சொல்வதுதான் முக்கியம்: நீங்கள் கூடிவந்து செய்வது கர்த்தருடைய இராப்போஜனமே அல்ல. ஜெபத்தில் குறை இருந்ததாக அவர் சொல்லவில்லை. ஏழைகள் அவமானப்பட்டார்கள், அதனாலேயே அந்தச் சடங்கு செல்லாமல் போயிற்று. இந்தக் கண்டனத்தின் நடுவில்தான், இன்று உலகமெங்கும் திருவிருந்தில் சொல்லப்படும் வார்த்தைகளை, இயேசு அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம்பண்ணிப் பிட்டதை, பவுல் நினைவூட்டுகிறார்.

அவர் கொடுத்த தீர்வு மிக எளியது: ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள். வேலை முடிந்து களைத்து வருகிறவர் வந்து சேரும்வரை பந்தி தொடங்கக்கூடாது.

வழிபாட்டின் ஒழுங்கை ஒருமுறை நடந்து பார்ப்போம்

சபைக்குச் சபை முறை வேறுபட்டாலும், பெரும்பாலான வரலாற்றுத் திருச்சபைகளின் ஞாயிறு வழிபாட்டில் சில பகுதிகள் பொதுவாக உண்டு. அவற்றில் சிலவற்றைப் பார்க்கலாம்.

பாவ அறிக்கையில் தொடங்குவோம். செய்த தவறுகளுக்கு மட்டும் மன்னிப்புக் கேட்டால் போதும் என்று நமக்குத் தோன்றும். ஆங்கிலிக்க ஜெபப் புத்தகமும் கத்தோலிக்கத் திருப்பலியும் செய்யாமல் விட்டவற்றுக்கும் மன்னிப்புக் கேட்க வைக்கின்றன. பெரும்பாலான சமூக அநீதிகள் நாம் செய்யாமல் விட்டவற்றால்தான் நிலைத்திருக்கின்றன. பக்கத்து வீட்டில் நடப்பது தெரிந்தும் பேசாமல் இருந்தது, நமக்கு லாபமாக இருந்ததால் ஒரு ஏற்பாட்டைக் கேள்வி கேட்காமல் விட்டது ஆகியவையும் இந்தச் சிறு ஜெபத்துக்குள் அடங்கும்.

வேத வாசிப்பு அடுத்தது. பல சபைகளில் எந்த ஞாயிறு எதை வாசிப்பது என்று முன்கூட்டியே அட்டவணை உண்டு. போதகருக்குப் பிடிக்காத பகுதியும் தன் முறை வரும்போது வாசிக்கப்பட்டே தீரும். இந்தப் பாதுகாப்பின் அருமை தெரியவேண்டுமானால், 1807இல் லண்டனில் அச்சிடப்பட்ட ஒரு விவிலியத்தைப் பார்க்கவேண்டும். மேற்கிந்தியத் தீவுகளில் இருந்த அடிமைகளுக்காகத் தொகுக்கப்பட்டது அது. எகிப்திலிருந்து விடுதலையான கதை உட்பட யாத்திராகமத்தின் பெரும்பகுதி அதில் இல்லை. கிறிஸ்துவுக்குள் அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை என்ற வசனமும் இல்லை. கீழ்ப்படிதலைப் போதிக்கும் பகுதிகள் பத்திரமாக இருந்தன. வெட்டியவர்களுக்கு அந்தப் பக்கங்களின் வலிமை தெரிந்திருந்தது.

ஞானஸ்நானத்திலும் இதே அச்சம் இருந்தது. அமெரிக்காவின் வர்ஜீனியா குடியேற்றத்தில் 1667இல் ஒரு சட்டம் வந்தது: ஞானஸ்நானம் பெற்றாலும் அடிமையின் நிலை மாறாது. இப்படி ஒரு சட்டம் ஏன் தேவைப்பட்டது? ஞானஸ்நானம் பெற்றவன் சகோதரன், சகோதரனை எப்படி அடிமையாக வைத்திருப்பது என்ற கேள்வி எழுந்துவிட்டது, அதனால்தான். தண்ணீர் சொன்னதைச் சட்டம் மறுக்கவேண்டியிருந்தது.

சமாதான வாழ்த்தை இன்று நாம் அரை நிமிடத்தில் கைகூப்பி முடித்துவிடுகிறோம். இரண்டாம் நூற்றாண்டில் அது முத்தமாக இருந்தது. அடிமையும் எஜமானும் ஒரே சபையில் இருந்த காலம் என்பதை நினைத்துக்கொண்டால் அதன் கனம் புரியும். காணிக்கையைச் செலுத்தப் போகும்போது உன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்னதே இதற்கு அடிப்படை.

காணிக்கை பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. ஏறத்தாழ 155ஆம் ஆண்டில், ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ அறிஞர் ரோமப் பேரரசருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறார்கள் என்பதை அதில் விவரிக்கிறார். எல்லாரும் ஓரிடத்தில் கூடுகிறார்கள், அப்போஸ்தலரின் நினைவுக் குறிப்புகளோ தீர்க்கதரிசிகளின் எழுத்துகளோ வாசிக்கப்படுகின்றன, தலைமை தாங்குகிறவர் அறிவுரை சொல்கிறார், எழுந்து ஜெபிக்கிறார்கள், அப்பமும் திராட்சரசமும் பகிரப்படுகின்றன, வர முடியாதவர்களுக்கு உதவிக்காரர்கள் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அதே மூச்சில் தொடர்கிறார்: வசதியுள்ளவர்கள் விரும்பியதைக் கொடுக்கிறார்கள், தலைவர் அதை வைத்து அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், ஊருக்குப் புதிதாய் வந்தவர்கள் ஆகியோரைக் கவனித்துக்கொள்கிறார். நற்கருணையையும் அநாதையின் பசியையும் அவர் இரண்டு தலைப்புகளாகப் பிரிக்கவில்லை. பேரரசரிடம் எங்கள் வழிபாடு இதுதான் என்று சேர்த்தே சொன்னார்.

இதற்கு முன்பே பவுல் ஒரு சொல்லால் இதைச் செய்திருந்தார். வழிபாட்டு முறையைக் குறிக்கும் ‘லெய்தூர்கியா’ என்ற கிரேக்கச் சொல், பழைய ஏதென்ஸில் குடிமக்களில் வசதியுள்ளவர் ஊருக்காகத் தம் செலவில் செய்யும் பொதுப்பணியைக் குறித்தது. ஆலய ஊழியத்துக்கும் அதே சொல் வழங்கியது. எருசலேமின் ஏழைகளுக்காகத் திரட்டிய பணத்தைப் பற்றிக் கொரிந்தியருக்கு எழுதும் இரண்டாம் நிருபத்தின் 9ஆம் அதிகாரத்தில், பவுல் அந்தச் சொல்லையே எடுத்தாள்கிறார். அவருக்கு அந்தக் காசு வசூலும் திருவழிபாடுதான்.

பீடத்திலிருந்து ‘இல்லை’ என்று சொன்னவர்கள்

390இல் தெசலோனிக்கே நகரில் ஒரு கலவரம் நடந்தது. தன் படைத்தலைவனைக் கொன்றதற்குப் பழியாக, பேரரசன் தியோடோசியுசின் படை பொதுமக்களில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. மிலான் நகர ஆயர் அம்புரோஸ் பேரரசனுக்குக் கடிதம் எழுதினார். நீர் வந்து நிற்கும் இடத்தில் என்னால் பலி ஒப்புக்கொடுக்க முடியாது என்றார். உலகின் மிகப் பெரிய அதிகாரி, பாவத்துக்கு வருந்துகிறவனாகச் சபையின் முன் நின்ற பிறகே நற்கருணைக்கு அனுமதிக்கப்பட்டான். அதே காலத்தில் அந்தியோகியாவில் யோவான் கிறிசோஸ்தோம் தம் மக்களிடம், கிறிஸ்துவின் உடலை ஆலயத்துக்குள் பட்டால் கனப்படுத்திவிட்டு, வெளியே குளிரில் ஆடையின்றிக் கிடக்கும் அவரை அலட்சியம் செய்யாதீர்கள் என்று பிரசங்கித்தார். பட்டு அணிந்தவர்களின் பகையைத் தேடிக்கொண்ட அவர், பின்பு கான்ஸ்தாந்திநோபிளில் ஆயராக இருந்தபோது நாடுகடத்தப்பட்டு 407இல் இறந்தார்.

பார்த்தொலோமே தெ லாஸ் காஸாஸின் கதையைக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். 1502இல் ஸ்பெயினிலிருந்து கரீபியன் கடலின் ஹிஸ்பானியோலா தீவுக்கு வந்தவர் அவர். குருவானவர் ஆனபிறகும், அங்கிருந்த பழங்குடி மக்களைக் கட்டாய வேலைக்கு வைத்திருந்தார். 1511இல், கிறிஸ்துமசுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில், அந்தோனியோ தெ மோன்தேசினோஸ் என்ற தொமினிக்கத் துறவி ஒரு மறையுரை ஆற்றினார். இவர்கள் மனிதர்கள் இல்லையா, இவர்களை இந்தக் கொடிய அடிமைத்தனத்தில் வைக்க உங்களுக்கு என்ன உரிமை என்று குடியேறியவர்களின் முகத்துக்கு நேரே கேட்டார். தொமினிக்கத் துறவி ஒருவர், வேலையாட்களை விடுவிக்காதவரை பாவமன்னிப்புத் தரமாட்டேன் என்று லாஸ் காஸாஸிடமே சொல்லியிருந்தார். அப்போதும் அவர் மனம் மாறவில்லை.

1514இல் கியூபாவில் பெந்தெகொஸ்தே மறையுரைக்காக அவர் தயாரித்துக்கொண்டிருந்தார். சீராக்கின் ஞான நூலில் 34ஆம் அதிகாரம் கண்ணில் பட்டது. கத்தோலிக்க விவிலியத்தில் உள்ள நூல் இது. ஏழைகளின் பொருளைப் பறித்துப் பலி செலுத்துகிறவன், தகப்பனின் கண்முன்னே மகனைக் கொல்கிறவனைப் போன்றவன் என்று அங்கே இருக்கிறது; கூலியாளின் கூலியைப் பறிப்பவன் இரத்தம் சிந்துகிறவன் என்றும் இருக்கிறது. தாம் பலிபீடத்தில் வைக்கும் அப்பமே அப்படிப்பட்டது என்று அவர் உணர்ந்தார். வேலையாட்களை விட்டுவிட்டார். பிறகு அரை நூற்றாண்டு, 1566இல் இறக்கும்வரை, அந்த மக்களுக்காகப் போராடினார். இன்றைய மெக்சிகோவில் உள்ள சியாபாஸின் ஆயரானபோது, அடிமைகளை விடுவிக்காதவர்களுக்குப் பாவமன்னிப்பு கொடுக்கவேண்டாம் என்று தம் குருக்களுக்கு ஆணையிட்டார். அவரிடம் ஒரு பெரிய கறையும் உண்டு. பழங்குடிகளுக்குப் பதிலாக ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று ஒரு காலத்தில் சொன்னவர் அவர். பிற்பாடு அதற்காக மனம் நொந்து எழுதினார். அவரைப் புனிதராக்கிக் காட்டுவதைவிட, ஒரு வாசகம் ஒரு மனிதனை எவ்வளவு தூரம் திருப்பியது, எங்கே இன்னும் திருப்பவில்லை என்று பார்ப்பதே நேர்மை.

நம் காலத்துக்கு அருகில், மத்திய அமெரிக்க நாடான எல் சால்வதோரின் பேராயர் ஆஸ்கர் ரொமேரோ. 1977 மார்ச்சில், ஏழை விவசாயிகளோடு பணிசெய்த ருத்திலியோ கிராந்தே என்ற குரு சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஞாயிறு மறைமாவட்டம் முழுவதும் திருப்பலிகளை ரத்துசெய்து, பேராலயத்தில் ஒரே ஒரு திருப்பலி நடத்தினார் ரொமேரோ. பணக்காரரும் விவசாயியும் அன்று ஒரே இடத்தில் நின்றாகவேண்டியிருந்தது. 1980 மார்ச் 23 ஞாயிறு மறையுரையில், உங்கள் சொந்தச் சகோதரர்களைக் கொல்லாதீர்கள், அடக்குமுறையை நிறுத்துங்கள் என்று படைவீரர்களிடம் சொன்னார். மறுநாள் மாலை, ஒரு மருத்துவமனைச் சிற்றாலயத்தில் திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். நிலத்தில் விழுந்து மடியும் கோதுமை மணியைப் பற்றிய பகுதிதான் அன்றைய நற்செய்தி.

இரண்டு மறுப்புகள்

ஒன்று: “வழிபாடு கடவுளுக்காக. அதைச் சமூக மாற்றத்துக்கான கருவியாக்கலாமா?” கூடாது என்றே நானும் சொல்வேன். கூட்டம் சேர்க்கவும் கோஷம் எழுப்பவும் மட்டும் பயன்படும் வழிபாடு விரைவில் வற்றிவிடும். ஆனால் கடவுளை உள்ளபடி புகழத் தொடங்கினால், அவர் யாருடைய அழுகுரலைக் கேட்கிறவர் என்பதும் அந்தப் புகழ்ச்சிக்குள் வந்துவிடுகிறது. கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நிக்கோலாய் ஆலயத்தில் 1982 முதல் திங்கள்தோறும் சமாதானத்துக்காக ஜெபித்தார்கள். பல நாட்களில் வந்தவர்கள் மிகச் சிலரே. 1989 அக்டோபர் 9 அன்று ஜெபம் முடிந்தபின் சுமார் 70,000 பேர் தெருவில் அமைதியாக நடந்தார்கள். அடுத்த மாதம் பெர்லின் சுவர் திறந்தது. அத்தனை ஆண்டுகளும் அங்கே நடந்தது ஜெபம்தான்.

இரண்டாவது மறுப்பு, “தரித்திரர் எப்போதும் உங்களிடத்தில் இருக்கிறார்கள் என்று இயேசுவே சொல்லவில்லையா?” சொன்னார். பெத்தானியாவில் ஒரு பெண் விலையுயர்ந்த தைலத்தை அவர் தலையில் ஊற்றினாள். 300 தெனாரியத்துக்கு மேல் விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று சிலர் முறுமுறுத்தார்கள். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஏறத்தாழ ஓர் ஆண்டு வருமானம் அது. இயேசு அந்தப் பெண்ணின் பக்கம் நின்றார். அழகும் அன்பும் தாராளமும் வழிபாட்டில் வீண்செலவு ஆகாது என்பதை நாம் ஏற்கவேண்டும். ஆனால் ஏழைகளைப் பற்றிய அந்த வாக்கியம் உபாகமம் 15ஆம் அதிகாரத்தின் எதிரொலி. அங்கே முழு வரியும் இப்படி: தேசத்திலே எளியவர்கள் இல்லாதிருப்பதில்லை, ஆகையால் உன் கையைத் தாராளமாய்த் திறக்கவேண்டும். ‘ஆகையால்’ என்பதை விட்டுவிட்டு மேற்கோள் காட்டுகிறவர்கள் வசனத்தைப் பாதியில் வெட்டுகிறார்கள்.

மீண்டும் அந்த மேசைக்கு

தென்னாப்பிரிக்காவின் கதை 1857இல் முடியவில்லை. 1982இல் ஒட்டாவாவில் கூடிய உலகச் சீர்திருத்தச் சபைகளின் கூட்டமைப்பு, நிறவெறியை இறையியலால் நியாயப்படுத்துவது திரிபுக்கொள்கை என்று அறிவித்தது. அந்தக் கூட்டத்தில் தென்னாப்பிரிக்கப் பேராளர்களில் சிலர், வெள்ளையர் சபைகளோடு சேர்ந்து திருவிருந்து எடுக்க மறுத்தார்கள். எங்கள் நாட்டில் எங்களுக்கு மறுக்கப்படும் மேசையில், இங்கே மட்டும் எல்லாம் சரியாக இருப்பதுபோல உட்கார முடியாது என்பதே அவர்கள் நிலை. பிரிவினை தொடங்கிய அதே மேசையில் எதிர்ப்பும் எழுந்தது. பிரித்து ஒதுக்கப்பட்டு 1881இல் உருவான அந்தச் சபையே, அதே 1982இல் கேப் டவுன் அருகே பெல்ஹார் என்ற இடத்தில் ஒரு விசுவாச அறிக்கையை வரைந்து, 1986இல் ஏற்றுக்கொண்டது. ஒற்றுமை, ஒப்புரவு, நீதி என்று மூன்றைப் பற்றியும் பேசும் பெல்ஹார் அறிக்கை, கடவுள் தனிச்சிறப்பாக ஆதரவற்றோர், ஏழைகள், அநீதி இழைக்கப்பட்டோர் ஆகியோரின் கடவுள் என்கிறது. அதை இன்று பல நாடுகளில் வழிபாட்டில் வாசிக்கிறார்கள்.

அடுத்தமுறை ஓர் ஆராதனையில் நீங்கள் அமர்ந்திருக்கும்போது, பாடலின் இனிமையோடு வேறு சிலவற்றையும் கவனித்துப் பாருங்கள். முன்வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? சக்கர நாற்காலியில் வருகிறவர் படியேறாமல் உள்ளே வர முடிகிறதா? வேதம் வாசிக்க யாரை எழுப்புகிறார்கள், யாரை ஒருபோதும் எழுப்புவதில்லை? மன்றாட்டில் தலைவர்களுக்காக ஜெபிக்கிறவர்கள் அந்தத் தலைவர்களால் துன்பப்படுகிறவர்களுக்காகவும் ஜெபிக்கிறார்களா? யாராவது கையில் கிண்ணத்தை வாங்கும்போது பக்கத்தில் இருப்பவர் சற்று விலகிக்கொள்கிறாரா? எல்லாரும் போனபிறகு தரையைப் பெருக்கி நாற்காலிகளை அடுக்குகிறவர் ஒருவர் இருப்பார். அவருக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறார்கள், அது நாள் தவறாமல் கிடைக்கிறதா என்று அவரிடமே கேளுங்கள். அவருக்கு ஞாயிற்றுக்கிழமை எப்போது என்றும் கேளுங்கள்.